சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இல்லை

கார்த்திகை மாதத்து மழை இரவு. அப்பா மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்றபடி குரல் கொடுத்தார்: "டேய், உன் விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது."

போய்ப் பார்த்தேன். படியில் கால் வைத்ததும் மேலே "டிக்" என்ற ஓசை, விளக்கு எரிந்தது. அரை நொடிகூட நிற்கவில்லை, மறுபடி "டிக்", இருட்டு. சில நொடி கழித்து இன்னொரு முறை அதே கூத்து. அந்த ஆண்டுப் பொங்கலுக்கு நானே செய்து மாட்டிய தானியங்கி விளக்கு அது. ஆள் நடமாட்டம் கண்டால் எரிய வேண்டும், ஒரு நிமிடம் கழித்து அணைய வேண்டும். அப்பாவுக்கு 74 வயது. இரண்டு கையிலும் துணிவாளியோடு மொட்டை மாடிக்குப் போகிறவர் சுவிட்சைத் தேடக் கூடாது என்பதற்காகச் செய்தது. பதினொரு மாதம் ஒழுங்காக ஓடியது.

பழுது ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சாரில் இருக்கும், போனால் விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்டூல் போட்டு ஏறினேன். இரண்டிலும் இல்லை. அவற்றுக்குச் சோறு போடும் இடத்தில், அதாவது மின்சாரம் கொடுக்கும் பகுதியில் இருந்தது.

முதலில் நான் என்ன செய்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். விளக்குக்குப் பக்கத்திலேயே கூரையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே உடம்பின் வெப்பத்தை வைத்து ஆளைக் காணும் ஹெச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். சென்சார், அது சொன்னதும் ரிலேயை இழுக்கவைக்கும் பி.சி.547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே ஒன்று. ரிலேயின் சுருளுக்கு 400 ஓம் மின்தடை, ஆகவே 30 மில்லிஆம்பியர் வேண்டும். சென்சார் எடுப்பது ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. 230 வோல்ட்டிலிருந்து இந்த 12 வோல்ட்டை எடுக்க மின்மாற்றி எதுவும் வைக்கவில்லை. ஒரே ஒரு மின்தேக்கியைத் தொடரில் போட்டு, அதன் பின்னால் நேர்மின்சாரமாக மாற்ற நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ், அழுத்தத்தை 12 வோல்ட்டில் நிறுத்த ஜீனர், சேமித்து வைக்க 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி. மொத்தச் செலவு 30 ரூபாய்க்குள். தீப்பெட்டியைவிடச் சிறிய இடம்.

மலிவுக்காக மட்டும் இந்த முறையை யாரும் எடுப்பதில்லை. அழகான கணக்கு என்ற மயக்கமும் உண்டு. மாறுமின்சாரத்துக்கு மின்தேக்கி ஒரு தடை போல நடந்துகொள்ளும், ஆனால் சூடாகாது. 0.47 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 6,770 ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் 34 மில்லிஆம்பியர். பிரிட்ஜ் தாண்டி நேர்மின்சாரமாகும்போது சராசரி 30.6. ரிலேக்கு வேண்டியது 30. இதே வேலையைச் சாதாரண ரெசிஸ்டரால் செய்தால் ஏழு வாட்டுக்கு மேல் வெப்பமாகவே போகும், பிளாஸ்டிக் பெட்டி உருகிவிடும். தேவைக்கும் வரவுக்கும் அவ்வளவு பொருத்தம் பார்த்து நான் பூரித்துப் போனேன். மாதச் சம்பளமும் மாதச் செலவும் ஒரே தொகையாக இருக்கும் குடும்பத்தைப் பார்த்து யாராவது பூரிப்பார்களா என்று அப்போது தோன்றவில்லை.

சுவிட்சை அணைத்து, பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உள்ளே வரும் இரண்டு வயர்களின் முனையும் ஒரே நேரத்தில் விரலில் பட்டன. சுள்ளென்று ஒரு கடி. கழற்றிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் மின்தேக்கியின் குறுக்கே 470 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டிருந்தேன். மின்சாரம் நின்றதும் கால் நொடிக்குள் மின்தேக்கியில் தேங்கியதில் பெரும்பகுதியை அது வடித்துவிட வேண்டும். மீட்டரில் பார்த்தால் அந்த ரெசிஸ்டர் முழுவதுமாகத் திறந்து கிடந்தது. நிறப்பட்டைகள் பளிச்சென்று இருந்தன, ஒரு கருகல் இல்லை. தவறு என்னுடையது. கால் வாட் ரெசிஸ்டர் என்றால் வாட்டை மட்டும் பார்த்தேன். 470 கிலோஓமில் வெளியேறும் வெப்பம் ஒரு வாட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான், அதனால் தாராளமாகத் தாங்கும் என்று முடிவு கட்டினேன். ஆனால் கால் வாட் கார்பன் ரெசிஸ்டருக்கு இவ்வளவு வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதே என்று தனியாக ஒரு வரம்பு உண்டு, வழக்கமாக 250 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 என்று பெயருக்குச் சொன்னாலும் அலையின் உச்சி 325 வோல்ட். பதினொரு மாதம் வரம்பை ஒட்டியும் தாண்டியும் நின்ற ரெசிஸ்டர் சத்தமில்லாமல் செத்துவிட்டது. இந்த இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடரில் போட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

பிறகு மின்தேக்கியை மீட்டரில் மாட்டினேன். 0.47 இருக்க வேண்டிய இடத்தில் 0.11.

எல்லாம் விளங்கிவிட்டது. 0.11 மைக்ரோஃபாரட் கொடுக்கக்கூடியது ஏழு மில்லிஆம்பியர் மட்டும். ஆள் வராத நேரத்தில் எலக்ட்ரோலிட்டிக் மெல்ல மெல்ல நிரம்பி 12 வோல்ட்டுக்கு வந்துவிடும். சென்சார் ஆளைக் கண்டதும் அந்தச் சேமிப்பில் ரிலே இழுக்கும். சேமிப்பு அரை நொடியில் தீர்ந்து, மின்னழுத்தம் நான்கு வோல்ட்டுக்குக் கீழே விழும், ரிலே விட்டுவிடும், பட்டினி கிடந்த சென்சாரும் மயங்கிவிடும். சுமை போனதும் எலக்ட்ரோலிட்டிக் மறுபடி நிரம்பும், சென்சார் கண் விழிக்கும், ரிலே இழுக்கும். அப்பா சொன்ன கண்ணடிப்பு.

செத்த மின்தேக்கியின் உடம்பில் "474" (0.47 மைக்ரோஃபாரட் என்பதன் குறி) என்றும் "400" என்றும் மட்டும் அச்சிட்டிருந்தது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாகப் போடத் தகுந்தது என்று சொல்லும் எக்ஸ்2 என்ற குறி எங்கும் இல்லை. சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் எக்ஸ்2 கேட்டு, இல்லாததால் "இதுவும் அதேதான் சார், 400 வோல்ட் தாங்கும்" என்று கொடுத்ததை வாங்கி வந்திருந்தேன். 325 உச்சிக்கு 400 போதாதா என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை, அச்சிட்டிருந்ததைப் படிக்க எனக்குத் தெரியும். அந்த 400 நேர்மின்சாரத்துக்கான அளவு. இந்த வகைப் பிலிம் மின்தேக்கிகள் பலவற்றுக்கு மாறுமின்சார அளவு 200 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும்.

உள்ளே நடப்பது சுவாரசியமானது. பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. மின்னழுத்தம் திடீரென எகிறும்போது, அதாவது பக்கத்தில் மோட்டார் அணையும்போது, இடி இடிக்கும்போது, படலத்தில் எங்காவது ஊசிமுனைத் துளை விழும். அந்த இடத்துப் பூச்சு உடனே ஆவியாகி, துளையைச் சுற்றிப் பூச்சில்லாத ஓர் இடம் உண்டாகிவிடும். இப்படி மின்தேக்கி தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆறலுக்கும் கொஞ்சம் பரப்பளவைக் கப்பம் கட்டுகிறது. ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் பூச்சு ஓரங்களிலிருந்து அரிக்கும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்2 வகை 2,500 வோல்ட் அதிர்வைத் தாங்கும்படி சோதிக்கப்படுவது, தீப்பிடிக்காமல் சாக வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டது. ஆனாலும் அதன் சொந்த வேலை மின்கம்பி இரைச்சலை அடக்குவது. அங்கே கொள்ளளவு பாதியானாலும் யாருக்கும் தெரியாது. நம்மைப் போல அதைச் சோறு போடும் வேலைக்கு வைத்தால்தான் இளைப்பது வெளியே தெரிகிறது. கொசு அடிக்கும் மட்டை ஒரு வருடத்தில் சார்ஜ் ஏறாமல் போனால் பேட்டரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே இதே ஏற்பாடுதான்.

சரி, உண்மையான எக்ஸ்2 ஒன்றும், இரண்டு 220 கிலோஓம் அரை வாட் ரெசிஸ்டர்களும் வாங்கி மாற்றினேன். மேசையில் இருபின் பிளக் வைத்துச் சோதித்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். 12 வோல்ட்டின் மைனஸில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். அதே மைனஸில் டெஸ்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. இந்தச் சுற்றுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே சுவரே கிடையாது. மின்தேக்கி பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) பக்கம் இருந்தால் மைனஸ் நியூட்ரலை (அது திரும்பிப் போகும் கம்பி) ஒட்டியிருக்கும், திருப்பிப் போட்டால் மைனஸே பேஸ். நியூட்ரல் எங்காவது அறுந்தாலும் அதே நிலைதான். "12 வோல்ட்தானே" என்று தொடுகிறவருக்கு 230 காத்திருக்கும். பொங்கலுக்கு முன்னால், இதைக் கணினியோடு இணைத்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது நினைவுக்கு வந்து வியர்த்தது.

இதற்கு நடுவில் அம்மா ஒரு குறையைச் சொன்னார். அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாம், என்னிடம் யாரும் சொல்லவில்லை. பெட்டி விளக்கோடு சேர்ந்து கூரையில் இருப்பதால், கீழே சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அப்பாவோ ஐம்பது வருடப் பழக்கத்தில் ஏறியதும் மேல் சுவிட்சைத் தட்டிவிடுவார். அதோடு சென்சாருக்கு மின்சாரம் போய்விடும். மறுபடி போட்டால் அது நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும். "அந்த ஒரு நிமிடமும் இவர் கீழே நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்" என்றார் அம்மா.

எனவே முடிவு செய்தேன்: பெட்டி கீழே சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும், சுவிட்சுகள் பழையபடி வேலை செய்ய வேண்டும், ஸ்டூல் போட்டு ஏறும் வேலையே இருக்கக் கூடாது.

கீழ்ப் பெட்டியின் மூடியைத் திறந்தபோதுதான் இந்தப் பதிவின் தலைப்பு எனக்குக் கிடைத்தது.

நம் வீடுகளில் சாதாரண சுவிட்ச் பலகையில் நியூட்ரல் பெரும்பாலும் இருக்கும். ஏனென்றால் ஏறக்குறைய எல்லாப் பலகையிலும் ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் இருக்கும், அதற்கு நியூட்ரல் வேண்டும். மாடிப்படி சுவிட்ச் அப்படியல்ல. கீழும் மேலும் ஒவ்வொரு இருவழி சுவிட்ச். கீழ்ப் பெட்டிக்கு ஒரு பேஸ் வருகிறது. அங்கிருந்து இரண்டு வயர்கள் மேல்பெட்டிக்குப் போகின்றன. மேல்பெட்டியிலிருந்து ஒரு வயர் விளக்குக்குப் போகிறது. நியூட்ரல் இந்த இரண்டு பெட்டிகளையும் எட்டிக்கூடப் பார்க்காமல் கூரை வழியாக நேரே விளக்குக்குப் போய்விடுகிறது. வயர் போட்டவரைக் குறை சொல்ல முடியாது. சுவிட்சுக்கு நியூட்ரல் எதற்கு? ஆனால் மின்னணுச் சுற்றுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் வரவும் போகவும் இரண்டு வழி வேண்டும்.

விளக்கு வழியாகவே திரும்பிப் போகவிடலாம், அதாவது சுற்றை விளக்கோடு தொடரில் வைக்கலாம் என்று ஒரு வழி உண்டு. குண்டு பல்பு காலத்தில் அது சரி. இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு சில மில்லிஆம்பியர் கசிந்தாலே மினுக்கும். சிவப்புக் குறிவிளக்கு வைத்த சுவிட்சில் எல்.இ.டி. மாட்டியவர்கள் இரவில் அது தானாகச் சிமிட்டுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த வழியை விட்டேன்.

சுவரில் கை வைக்கும் வேலைக்கு, எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிற, வயர்மேன் உரிமம் வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் உலோகப் பெட்டியில் முறுக்கிய பச்சை வயர் ஒன்றைக் காட்டினார்.

"எர்த் இருக்கிறதே தம்பி. நியூட்ரலுக்குப் பதில் அதில் கொடுத்துவிடுங்கள். சின்ன கரண்ட்தானே."

"தப்பில்லையா அண்ணா?"

"எத்தனையோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது."

எனக்கும் சுவரைக் குடையச் சோம்பல். அது தவறு என்று தெரியும். தெரிந்தும், சோதனைக்கு ஒரு நிமிடம் என்று சொல்லிக்கொண்டு, புது மின்தேக்கி போட்ட சுற்றைப் பேசுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தேன். மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யைப் போட்டேன். "பட்" என்று வீடு முழுவதும் இருண்டது. அடுப்படியில் மிக்சி நின்றது, அம்மா என் பெயரைச் சொன்னார்.

விழுந்தது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று ஓயாமல் எடை போடுவது அதன் தொழில். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழுந்தே ஆக வேண்டும், நடைமுறையில் இருபது இருபத்தைந்திலேயே விழும். என் சுற்று எர்த்தில் விட்டது 34. அது சரியாகத்தான் வேலை செய்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது வந்தது ஒரு நடுக்கம். பழைய, செத்த மின்தேக்கியோடு இதைச் செய்திருந்தால்? அதில் பிரிட்ஜுக்கு முன்னால் ஓடியது எட்டு மில்லிஆம்பியர். ஆர்.சி.சி.பி. வாய் திறந்திருக்காது. "பார்த்தீர்களா தம்பி, ஓடுகிறது" என்றிருப்பார் அண்ணன். நானும் மூடியைப் போட்டுப் பூட்டியிருப்பேன். சுவருக்குள் அந்தத் தவறு நிரந்தரமாகக் குடியேறியிருக்கும். என்றாவது எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தால், இந்தச் சுற்று வழியாக அந்தப் பச்சை வயர் முழுவதும் உயிர் பெற்றிருக்கும். அதோடு சேர்ந்து குளிர்சாதனப் பெட்டியின் உடம்பு, துணி துவைக்கும் இயந்திரத்தின் உடம்பு. எத்தனையோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பயம்.

அண்ணன் நல்லவர். கணக்கைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கூடத்துப் பலகை படிச் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கடி தள்ளித்தான் இருந்தது. அங்கிருந்து கீழ்ப் பெட்டிக்கு ஒரு கறுப்பு வயர், நியூட்ரல். கீழ்ப் பெட்டியிலிருந்து மேல்பெட்டிக்கு, பழைய குழாய் வழியாகவே இன்னொரு சிவப்பு வயர். அது விளக்குக்குப் போகும் வயரோடு சேரும், ரிலே அதன் வழியாக விளக்கை நேரடியாகப் போட முடியும். இருவழி சுவிட்சுகள் பழையபடி தனியாக இயங்கும். இரண்டும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயர்.

நியூட்ரலை இழுக்கும் முன் ஒன்றைச் சரிபார்த்தோம். கூடத்துப் பலகையும் மாடிப்படி விளக்கும் ஒரே எம்.சி.பி.யில் இருக்கின்றனவா? எம்.சி.பி.யை இறக்கினால் இரண்டும் சேர்ந்து அணைய வேண்டும். அணைந்தன. வேறு வேறாக இருந்து, ஒன்றின் பேசையும் மற்றதன் நியூட்ரலையும் கலந்திருந்தால், ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேலை செய்கிறவர் கையில் மற்றதன் நியூட்ரல் மாட்டும். "நியூட்ரல்தானே, ஒன்றும் செய்யாது" என்று அதைப் பிரித்துவிட்டால், பிரிந்த முனைக்கு அந்தப் பக்கத்துச் சுமை வழியாக 230 வந்து நிற்கும்.

குழாயில் வயரை இழுக்கவே அரை நாள் ஆனது. முப்பது வருடத்துச் சிமெண்டுத் தூளும் ஒரு கரப்பான்பூச்சிப் பரம்பரையும் வெளியே வந்தன. அதைப் பற்றி மேலும் சொல்ல விருப்பமில்லை.

இனி சோறு போடும் பகுதி. சென்சாரின் வெள்ளைக் குமிழ் இப்போது மனிதர் கைபடும் உயரத்தில் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் போகிறது. எனவே வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் நடுவே உண்மையான சுவர் வேண்டும். 9-0-9 மின்மாற்றி நம்பகமானது, பல வருடம் ஓடும், ஆனால் சுவிட்ச் பெட்டியின் ஆழத்துக்குள் அது அடங்கவில்லை. பழைய கைபேசி சார்ஜரை உடைத்து வைக்கலாம் என்ற ஆசை வந்தது. கைவசம் இருந்த ஒரு பெயரில்லாச் சார்ஜரைத் திறந்தேன். 230 பக்கத்துச் செம்புக்கும் 5 வோல்ட் பக்கத்துச் செம்புக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மூடி வைத்துவிட்டேன். அதில் கைபேசியைச் சொருகுவதையும் அன்றோடு நிறுத்தினோம்.

கடைசியில் ஹை-லிங்க் நிறுவனத்தின் ஹெச்.எல்.கே.-பி.எம்.01 வாங்கினேன். கறுப்புக் கட்டி, 34 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம். உள்ளே போவது 230, வெளியே வருவது 5 வோல்ட், 600 மில்லிஆம்பியர் வரை. இரு பக்கத்துக்கும் நடுவே 3,000 வோல்ட் தாங்கும் காப்பு. ரிலேயையும் 5 வோல்ட்டுக்கு மாற்றினேன். அதன் சுருள் 70 ஓம், எடுப்பது 71 மில்லிஆம்பியர். வரவு 600, செலவு 71. இந்தமுறை குடும்பத்தில் மிச்சம் உண்டு.

கட்டியை அப்படியே வயரில் தொங்கவிடக் கூடாது. அதன் முன்னால் ஒரு ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூசுக்குப் பின்னால், பேசுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 471 என்று எழுதிய வேரிஸ்டர், மின்னழுத்தம் எகிறினால் அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ள. 431 எண்ணுள்ளது 275 வோல்ட் வரைதான் நிரந்தரமாகத் தாங்கும். எங்கள் தெருவில் நள்ளிரவுக்கு மேல் 250-ஐத் தாண்டுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் 300 வோல்ட் தாங்கும் 471. வேரிஸ்டருக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்கு 400 வோல்ட் வந்தால் அது விடாமல் கடத்திச் சூடேறி எரியும். அதன் முதுகோடு ஒட்டியபடி ஒரு வெப்ப ஃபியூசைக் கட்டி, அதையும் பேஸ் வழியில் தொடராக வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரு டாட் போர்டில் அடுக்கினேன். இடது பாதி 230, வலது பாதி 5. நடுவில் மூன்று வரிசைச் செம்பு வட்டங்களை சால்டரிங் இரும்பால் சூடு காட்டி, பிளேடு முனையால் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தேன். முப்பது நாற்பது வட்டங்கள், ஒரு மாலை நேரம் முழுவதும். உரித்த பின் இரு கரைக்கும் இடையே எட்டு மில்லிமீட்டர் வெறும் பலகை. அந்த எல்லையைத் தாண்டி நிற்க உரிமை உள்ளவை இரண்டுதான்: கறுப்புக் கட்டியும் ரிலேயும்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது டி.வி. மெக்கானிக்குகளின் பழைய வழக்கப்படி 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டேன். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழுசாக எரியும், பலகை பிழைக்கும். பல்பு எரியவில்லை. மீட்டர் 5.05 காட்டியது. இப்போது மைனஸில் டெஸ்டர் வைத்தேன், பிளக்கைத் திருப்பிப் போட்டு மறுபடி வைத்தேன். இரண்டு முறையும் டெஸ்டர் இருட்டாகவே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அதே டெஸ்டரை நல்ல பிளக்கின் பேஸில் வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். செத்த டெஸ்டரும் இருட்டாகத்தான் இருக்கும்.

சுவரில் மாட்டியபின் ஒரு வேடிக்கை. விளக்கு ஒரு நிமிடம் எரிந்து அணையும், உடனே தானாக எரியும், அணையும், எரியும். ஆள் யாருமில்லை. ரிலே விடும்போது தொடுமுனையில் எழும் பொறி சென்சாரைக் குழப்புகிறது என்று ஊகித்து, 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஒன்றையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடரில் கோத்து, ரிலேயின் தொடுமுனைகளின் குறுக்கே போட்டேன். குழப்பம் தீர்ந்தது. ஆனால் இரவில் விளக்கு அணைந்த பிறகும் சாம்பல் பூத்த கங்கு போல ஒரு மங்கல் வெளிச்சம் மிச்சம் இருந்தது. திறந்திருக்கும் ரிலேயைச் சுற்றிக்கொண்டு அந்த 0.1 வழியாக ஏழு மில்லிஆம்பியர் விளக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் எல்.இ.டி. கசிவுக்கு மினுக்கும் என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்தவன் நான். அதைக் கழற்றி, விளக்குக்குப் போகும் வயருக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மாற்றினேன். பொறியும் அடங்கியது, மங்கலும் போனது. சென்சாரின் காலடியில் 5 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரு 470 மைக்ரோஃபாரட்டும் சேர்த்தேன், ரிலே இழுக்கும் கணத்தில் அதற்குத் தலைசுற்றாமல் இருக்க.

ஆறு மாதம் ஆகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை திறந்து பார்த்தேன், கட்டி இளஞ்சூடு, எதுவும் நிறம் மாறவில்லை. மே மாதத்தில் மட்டும் சென்சாருக்குக் கொஞ்சம் பார்வை மங்கியது. அது பார்ப்பது மனித உடம்பின் வெப்பத்துக்கும் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. அக்கினி நட்சத்திரத்தில் அந்தச் சுவரும் மனிதரும் ஏறக்குறைய ஒரே சூடு. அப்பா இரண்டாவது படியில் நின்று துண்டை வீசிக் காட்டிவிட்டு ஏறினார்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு காகிதத்தில் மாட்டிய தேதி, ஃபியூஸ் அளவு, எந்த வயர் எங்கே போகிறது, நியூட்ரல் கூடத்துப் பலகையிலிருந்து வருகிறது என்றெல்லாம் எழுதி ஒட்டியிருந்தேன், அடுத்து திறப்பவருக்காக. போன வாரம் திறந்தபோது அதன் கீழே அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "இது எரியாவிட்டால் பக்கத்தில் பழைய சுவிட்ச் இருக்கிறது."